கிளினிக் அட்டவணையும் கைபேசிச் செயலியும்: அம்மாவின் மாரடைப்பு ஆபத்தை எது சரியாகச் சொல்கிறது?

இலங்கையின் மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். கொழுந்து பறிக்கும் அவருடைய அம்மாவுக்கு 56 வயது. ஆறு ஆண்டுகளாகச் சீனி வியாதி. பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறார். கிளினிக்கில் மருத்துவர் வர்ணக் கட்டங்கள் கொண்ட அட்டவணையைப் பார்த்து, அடுத்த பத்தாண்டுகளுக்கான ஆபத்து 10இலிருந்து 20 சதவீதத்துக்குள் என்று கிளினிக் கொப்பியில் குறித்திருக்கிறார். அண்ணன் கொழும்பிலிருந்து வாங்கி வந்த கைக்கடிகாரத்தோடு இணைந்த செயலியோ, மனித மூளையைப் போலச் சிந்திப்பதாகச் சொல்லிக்கொண்டு, 38 சதவீதம் என்று காட்டுகிறது. எதை நம்புவது, அம்மாவை வேலையிலிருந்து நிறுத்துவதா, கடன் வாங்கியாவது கொழும்பில் அஞ்சியோகிராம் (இதயக் குருதிக்குழாய்களைப் படம் பிடிக்கும் பரிசோதனை) செய்வதா என்பது அவருடைய கேள்வி.

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். செயலி காட்டிய எண்ணை மட்டும் வைத்துக் கடன் வாங்க வேண்டாம், வேலையையும் நிறுத்த வேண்டாம். ஆனால் ஏற்றம் ஏறும்போது அம்மாவுக்கு நெஞ்சு இறுகி, நின்று இளைப்பாறினால் அது விடுகிறது என்றால் நிலைமை வேறு. அப்போது அட்டவணைக்கும் செயலிக்கும் வேலையில்லை. அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டி ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஆபத்து அட்டவணை என்பது இதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்களுக்கும், அத்தகைய அறிகுறி இல்லாதவர்களுக்கும் உரியது.

இனி அந்த எண்ணின் பொருளுக்கு வருவோம். ஒரே மலையில் நிரை பிடித்து நிற்கும் நூறு பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் அம்மாவின் வயது, அம்மாவின் பிரஷர், அம்மாவின் கொலஸ்ட்ரோல், அம்மாவைப் போலவே சீனி வியாதி. அவர்களில் பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்டோருக்குப் பத்தாண்டுகளுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரலாம் என்பதுதான் மருத்துவர் எழுதியதன் பொருள். அந்தச் சிலரில் உங்கள் அம்மா இருப்பாரா என்பதை எந்த அட்டவணையாலும் சொல்ல இயலாது. எத்தனை ஆண்டுகளுக்குள், எந்த நோய், யாரைப் போன்றவர்களுக்கு என்ற மூன்றும் தெரிந்தால்தான் ஆபத்துச் சதவீதத்துக்கு அர்த்தம் உண்டு. செயலி காட்டிய 38க்கு ஆண்டுக் கணக்கே இல்லையென்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வாழ்நாள் முழுவதற்குமா, ஐந்து ஆண்டுகளுக்கா என்று தெரியாத எண்ணைப் பத்தாண்டு எண்ணோடு ஒப்பிட்டுக் கலங்குவதில் பயனில்லை.

கிளினிக்கில் பயன்படும் அட்டவணை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட கணக்குக்கு அடித்தளம் இட்டது 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரோடு தொடங்கிய ஆய்வு. ஆனால் ஓர் அமெரிக்க ஊரின் கணக்கை வேறு நாட்டு மக்களுக்கு அப்படியே பொருத்தினால் பிழை வரும். அதனால் உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட அட்டவணைகளை உலகின் 21 பிராந்தியங்களுக்கும் தனித்தனியாகத் திருத்தி அமைத்தது. அடிப்படைக் கணக்கு, ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்க்கும் 85 தொடராய்வுகளில் கலந்துகொண்ட 376,177 பேரின் தரவிலிருந்து எடுக்கப்பட்டது. பின்பு அந்தந்தப் பிராந்தியத்தில் உண்மையில் எத்தனை பேருக்கு இந்நோய்கள் வருகின்றன என்பதோடு ஒத்துப்போகுமாறு சீர்செய்யப்பட்டது.

இந்தச் சீர்செய்தல் ஏன் முக்கியம் என்பது கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு தராசு ஒவ்வொருவருக்கும் ஐந்து கிலோ கூட்டியே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். யார் அதிகம் பறித்தார், யார் குறைவாகப் பறித்தார் என்ற வரிசையை அது சரியாகவே சொல்லும். கிலோக் கணக்கு மட்டும் தவறாக இருக்கும். ஆபத்துக் கணிப்பிலும் அப்படித்தான். ஒரு கருவி ஆட்களைச் சரியாக வரிசைப்படுத்தியும் சதவீதத்தைத் தப்பாகச் சொல்லலாம். எந்த நாட்டு மக்களை வைத்துச் சீர்செய்யப்பட்டது என்பதைச் சொல்லாத செயலியின் சதவீதத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

மூளையைப் போலச் சிந்திக்கும் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூளையின் நரம்புக் கலம் ஒன்று, தனக்கு வரும் சைகைகள் ஒரு வரம்பைத் தாண்டினால் அடுத்த கலத்துக்குச் செய்தி அனுப்புகிறது. இதை மக்கல்லக், பிட்ஸ் என்ற இருவர் 1943இல் கணித வடிவில் எழுதினார்கள். இன்றைய செயற்கை நரம்பு வலைப்பின்னல்கள் அந்த எண்ணத்தின் வழிவந்தவை. மூளையிலிருந்து அவை எடுத்துக்கொண்டது அமைப்பைத்தான். தமக்குக் காட்டப்பட்ட தரவைத் தாண்டி அவற்றுக்கு எதுவும் தெரியாது. இத்துறையில் நான் மதிக்கும் ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. 284,335 பேரின் விழித்திரைப் படங்களைக் கற்ற வலைப்பின்னல், ஒருவருடைய வயதையும் பாலினத்தையும் அவர் புகைப்பவரா என்பதையும்கூடப் படத்திலிருந்தே கணித்தது. உண்மையிலேயே வியக்கத்தக்க சாதனை. ஆனால் ஐந்து ஆண்டுகளில் பெரிய இதயப் பாதிப்பு ஏற்பட்ட ஒருவரையும் ஏற்படாத ஒருவரையும் அருகருகே வைத்தால், பாதிப்புக்கு ஆளானவருக்கு அதிக ஆபத்து என்று அது நூற்றுக்கு ஏறக்குறைய 70 முறைதான் சரியாகச் சொன்னது. வயது, பிரஷர், கொலஸ்ட்ரோல் முதலியவற்றை மட்டும் கேட்கும் ஐரோப்பியக் கணக்கு முறையும் ஏறத்தாழ அதே அளவுக்குச் சரியாகச் சொன்னது. அந்தப் படங்களும் அமெரிக்க, பிரித்தானியத் தரவுத் தொகுப்புகளைச் சேர்ந்தவை.

கைக்கடிகாரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, குருதியோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே அது நாடியைக் கணிக்கிறது. குளிரில் தோலுக்கு வரும் குருதி குறையும், சைகையும் மங்கும். பனி விழும் காலையில் நனைந்த கையில் கட்டிப் பார்த்த அளவை நான் நம்பமாட்டேன்.

அம்மாவின் கொப்பியில் என் கண்ணில் பட்டது பிரஷர்தான். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரே நாளில் பிரஷரின் மேல் எண்ணுக்கு இரண்டு அளவுகள் இருக்கின்றன: வந்தவுடன் எடுத்தது 162, பிறகு எடுத்தது 148. அட்டவணையில் 140 முதல் 159 வரை ஒரு வரி, 160க்கு மேல் அடுத்த வரி. ஆகவே எந்த அளவை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டமே மாறிவிடும். தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலுள்ள லய வீட்டிலிருந்து மேடேறி, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவரின் முதல் அளவு அவருடைய வழமையான அளவு அல்ல. அளப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கக்கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, இரு பாதங்களும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமீது வைத்து அளக்க வேண்டும். அதே நேரத்தில், மாத்திரையால் குறைந்து நிற்கும் பிரஷரை வைத்துப் பார்க்கும்போது அட்டவணை உண்மையான ஆபத்தைச் சற்றுக் குறைத்துச் சொல்லக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

அட்டவணை கேட்காத ஒன்று அம்மாவின் இடுப்புப் பையில் இருக்கிறது. புகைப்பவரா என்று அது கேட்கிறது. வெற்றிலையோடு புகையிலை மெல்பவரா என்று கேட்பதில்லை. இலங்கையையும் உள்ளடக்கி 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், புகைக்காமல் புகையிலையை மெல்ல மட்டும் செய்பவர்களுக்கும் மாரடைப்பு ஆபத்து இரு மடங்குக்கு மேல் இருந்தது. வாய்ப்புற்றுநோய் ஆபத்து இதற்கு மேலதிகம். குளிரிலும் மழையிலும் நாள் முழுக்க நிற்பவருக்கு அந்தப் பொட்டலம் எவ்வளவு துணை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கடிதத்திலிருந்து ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்ய முடியும் என்றால், அம்மாவின் புகையிலையை நிறுத்த உதவுங்கள் என்றே கேட்பேன்.

அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் உடன் சென்று, ஓய்வெடுத்த பின் அளந்த பிரஷரை வைத்து அட்டவணையை மறுபடி பார்க்கும்படி கேளுங்கள். சீனி வியாதியுள்ள 40 வயதைக் கடந்தவர்களுக்கு, கட்டம் எந்த நிறமாக இருந்தாலும், கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை பரிந்துரைக்கப்படுவதுண்டு. அம்மாவுக்கு அது தேவையா என்று மருத்துவரிடமே கேளுங்கள். விழித்திரை, பாதம், சிறுநீர்ப் புரதம் ஆகிய மூன்றையும் ஆண்டுக்கொருமுறை பரிசோதிக்க வேண்டும். பிரஷர் இறங்கிவிட்டது என்று வீட்டில் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

சீனி வியாதி உள்ள பெண்களுக்கு மாரடைப்பு சில வேளை நெஞ்சு வலியே இல்லாமல் வரும். திடீர் மூச்சுத் திணறல், குளிர் வியர்வை, தாடையிலோ மேல் வயிற்றிலோ அழுத்தம், காரணமில்லாத கடும் சோர்வு ஆகியவற்றை வாயு என்று எண்ணி இஞ்சி கொடுத்துப் படுக்க வைத்துவிடாமல், உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. லயத்துக்கு வண்டி வராது என்றால், வண்டி நிற்கக்கூடிய பாதை எது, அதுவரை அம்மாவைத் தூக்கி வர யார் இருப்பார்கள் என்பதை இன்றைக்கே அக்கம்பக்கத்தாரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.