கட்டிலா ஆற்றல் கணக்கில் விடை ஏன் தாறுமாறாக வருகிறது?

பெரும்பாலும் அலகுதான் காரணம். சூத்திரம் எளிது: டெல்டா ஜி = டெல்டா ஹெச் − வெப்பநிலை × டெல்டா எஸ். டெல்டா ஜி என்பது கட்டிலா ஆற்றல் மாற்றம், வினை தானாக நடக்குமா என்று அதன் குறிதான் சொல்லும்; டெல்டா ஹெச் என்தால்பி (வெப்ப) மாற்றம், டெல்டா எஸ் என்ட்ரோபி (ஒழுங்கின்மை) மாற்றம். ஆனால் அட்டவணையில் என்தால்பி கிலோஜூலிலும் என்ட்ரோபி ஜூலிலும் இருக்கும், அதைக் கவனிக்காமல் அப்படியே போட்டுவிட்டால் எல்லாம் போச்சு. வெப்பநிலையும் கெல்வினில்தான்.

சுண்ணாம்புக்கல் சிதைவதைப் பாருங்கள். ஒரு மோலுக்கு டெல்டா ஹெச் +178 கிலோஜூல், டெல்டா எஸ் கெல்வினுக்கு +160.5 ஜூல், அதாவது 0.1605 கிலோஜூல். 298 கெல்வினில் 178 − 47.8 = +130.2; நேர்க்குறி என்பதால் தானாக நடக்காது. சரி, எப்போது நடக்கும்? 178 ÷ 0.1605, சுமார் 1109 கெல்வினுக்கு மேல் குறி மாறிவிடும் (இரண்டு மதிப்பும் வெப்பநிலையோடு அவ்வளவாக மாறாது என்று வைத்துக்கொண்டால்).

அப்புறம், எதிர்க்குறி வந்தால் வினை வேகமாக நடக்கும் என்று அர்த்தமில்லை, வைரம் கிராஃபைட்டாக மாறுவதற்கும் எதிர்க்குறிதான், ஆனால் அது கண்ணுக்கே தெரியாத அளவு மெதுவானது.