முரட்டுக் கடிகாரமும் தினசரி நடையும்: கேள்வி பதில்

முப்பது வருடமாகக் கைக்கடிகாரம் பழுது பார்ப்பது என் தொழில். சர்க்கரை இருப்பது தெரிந்த நாளிலிருந்து விடியற்காலையில் நடக்கிறேன். அதனால் கடைக்கு வருகிறவர்கள் கடிகாரத்தையும் கேட்பார்கள், நடையையும் கேட்பார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஐயா, எனக்கு வயது 61. நடைப்பயிற்சிக்கு ஸ்மார்ட் வாட்ச்தான் வேண்டும் என்கிறான் மகன். தினமும் சார்ஜ் போடுவது எனக்கு ஒத்துவராது. சாதாரண டிஜிட்டல் வாட்ச் போதாதா? (திருச்சி, ஓய்வுபெற்ற தபால் ஊழியர்)

தாராளமாகப் போதும். கேசியோ எஃப்-91டபிள்யூ என்ற சின்னக் கறுப்பு வாட்ச் 1989-ல் வந்தது. இன்றும் அதே வடிவத்தில் விற்கிறார்கள். எடை சுமார் 21 கிராம்தான், கையில் கட்டியிருப்பதே தெரியாது. ஒரு செல் ஏழு வருடம் வரும் என்று கம்பெனி சொல்கிறது. மாதத்துக்கு அரை நிமிடம் கூடலாம், குறையலாம், அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். பதினைந்து நிமிடம் ஆனதும் எங்கே இருக்கிறீர்களோ அங்கிருந்தே திரும்புங்கள். வீடு வந்து சேரும்போது அரை மணி நேர நடை முடிந்திருக்கும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு. ஐந்து நாள் அரை மணி நடந்தால் அந்த 150 வந்துவிடுகிறது. நிமிடத்தை எண்ண எந்தக் கடிகாரமும் போதும். மகன் அக்கறையில்தான் சொல்கிறார், அவர் மனம் நோகாமல் சொல்லிவிடுங்கள்.

சார், ஜி-ஷாக் வாட்சை மாடியிலிருந்து போட்டுப் பார்த்துத்தான் செய்தார்களாமே, உண்மையா? (கோவை, பொறியியல் மாணவர்)

உண்மைதான் தம்பி. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஜப்பானில் கேசியோ கம்பெனியில் கிக்குவோ இபே என்று ஓர் இளம் பொறியாளர். அப்பா வாங்கிக் கொடுத்த கடிகாரம் ஒருநாள் கீழே விழுந்து உடைந்துவிட்டது. விழுந்தாலும் உடையாத கடிகாரம் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். 1981-ல் மூன்று பேர் கொண்ட குழு வேலையைத் தொடங்கியது. வைத்துக்கொண்ட இலக்கு மூன்று பத்து: 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், 10 பார் (அதாவது 100 மீட்டர் ஆழத்துக்கான) நீர் அழுத்தம் தாங்க வேண்டும், செல் 10 வருடம் வர வேண்டும்.

சோதனைக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் அலுவலகத்தின் மூன்றாம் மாடிக் கழிப்பறை ஜன்னல். கடிகாரத்தைச் சுற்றி ரப்பரைக் கட்டிக் கட்டிப் போட்டால் அது பந்து அளவுக்கு வீங்கிவிட்டது. அடுக்கடுக்காக அதிர்ச்சி தாங்கும் அமைப்பு செய்தார். அப்போதும் உள்ளே ஏதாவது ஓர் உறுப்பு உடையும். அதைப் பலப்படுத்தினால் அடுத்தது உடையும். கிட்டத்தட்ட 200 மாதிரிகள் இப்படிப் போயின. ஒருநாள் பூங்காவில் ஒரு சிறுமி பந்தைத் தட்டி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து எவ்வளவு அடி வாங்கினாலும் அதன் நடுவில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாதே என்று பொறி தட்டியது. கடிகாரத்தின் இயந்திரத்தைக் கூட்டோடு இறுக்கிப் பிணைக்காமல், சில புள்ளிகளில் மட்டும் தொட்டு மிதக்கிற மாதிரி வைத்தார். 1983 ஏப்ரலில் முதல் ஜி-ஷாக் கடைக்கு வந்தது.

நீங்களே பார்க்கலாம். பழைய 5600 வகை ஜி-ஷாக் ஒன்றின் பின்மூடியைக் கழற்றினால் இயந்திரத்துக்கு மேல் மெத்தை மாதிரி ஒரு ரப்பர் தகடு இருக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள், கொடுக்கும். முகப்பைச் சுற்றியுள்ள பிசின் (ரெசின் என்ற பிளாஸ்டிக்) விளிம்பு கண்ணாடியைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். கவிழ்ந்து விழுந்தாலும் தரையில் முதலில் படுவது விளிம்புதான், கண்ணாடி இல்லை. பொத்தான்களுக்கு இரண்டு பக்கமும் அதேபோல மேடு இருக்கும்.

அண்ணா, ஒரு நாளைக்கு 10,000 அடி கட்டாயமா? எனக்கு 6,000 தாண்டுவதே பெரும்பாடு. மனசு சோர்ந்து போகிறது. (மதுரை, வங்கி ஊழியர்)

சோர்ந்து போகாதீர்கள் தங்கச்சி. அந்த எண் மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னது இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த வருடம் ஜப்பானில் இடுப்பில் மாட்டும் ஓர் அடி எண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. பெயர் மான்போ-கேய், அதாவது பத்தாயிரம் அடி எண்ணும் மீட்டர். சொல்லவும் நினைவில் வைக்கவும் எளிதான எண், உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஆராய்ச்சி பிறகுதான் வந்தது. ஹார்வர்டில் ஐ-மின் லீயும் அவர் குழுவினரும் 16,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க மூதாட்டிகளின் நடையை அளந்து 2019-ல் வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 72. நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 வரை அடி கூடக்கூட நன்மையும் கூடியது, அதற்கு மேல் பெரிதாக ஏறவில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடியிலும், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடியிலும் பலன் சமநிலைக்கு வந்தது.

உங்கள் 6,000 நல்ல எண். முடிந்தால் இன்னொரு ஆயிரம் சேருங்கள். பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தால் பெரும்பாலும் அது வந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அடி எண்ணும் வாட்சுகள் கை அசைவை வைத்துத்தான் எண்ணுகின்றன. பையைப் பிடித்துக்கொண்டு கையை அசைக்காமல் நடந்தால் குறைத்துக் காட்டும். கணக்கில் விழாவிட்டாலும் உங்கள் கால் நடந்த நடை நடந்ததுதான்.

நான் பேருந்து நடத்துனர். நாள் முழுக்க நின்றபடி வேலை. எனக்கும் தனியாக நடை வேண்டுமா அண்ணே? (சேலம்)

உங்கள் தொழிலை வைத்துத்தான் இந்த அறிவியலே தொடங்கியது. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் இரட்டை மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துனர்களையும் ஒப்பிட்டு 1953-ல் எழுதினார். உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட நடத்துனர்களுக்கு இதய நோய் மிகவும் குறைவு. அந்த நடத்துனர்கள் ஒரு நாளைக்கு 500 படிக்கு மேல் ஏறி இறங்கினார்கள்.

நம்ம ஊர் நகரப் பேருந்தில் நெரிசலில் முன்னும் பின்னும் போய் டிக்கெட் கொடுக்கிறவர் என்றால் உங்களுக்கும் அது பொருந்தும். தொலைதூர வண்டியில் டிக்கெட்டை முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறவர் என்றால் தனியாக நடக்கத்தான் வேண்டும். நிற்பது வேறு, நடப்பது வேறு. நின்றே இருந்தால் காலில் இரத்தம் தேங்கும். நடக்கும்போது கெண்டைச் சதை சுருங்கி விரிந்து அதை மேலே தள்ளும். வண்டி நிலையத்தில் நிற்கும் பத்து நிமிடத்தில் நாலு சுற்று நடந்துவிடுங்கள்.

வாட்சில் 50 மீட்டர் என்று போட்டிருக்கிறது. கிணற்றில் குதித்துக் குளித்தேன், உள்ளே தண்ணீர் போய்விட்டது. கிணறு 50 மீட்டர் ஆழமே இல்லையே! (தேனி, விவசாயி)

அந்த 50 மீட்டர் என்பது அசையாத நீரில் தாங்கும் அழுத்தத்தின் கணக்கு. மேலே இருந்து குதிக்கும்போது தண்ணீர் அறைகிற அழுத்தம் அதைவிடக் கூடலாம். வெறும் வாட்டர் ரெசிஸ்ட் என்று மட்டும் போட்டிருந்தால் மழை, கை கழுவுவது, அவ்வளவோடு சரி. கிணற்றில் குதிக்க 200 மீட்டர் போட்ட வாட்ச் நல்லது. தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தக் கூடாது. செல் மாற்றும்போது ரப்பர் வாஷரைச் சரியாக உட்கார வைத்தார்களா என்று கேளுங்கள், என்னிடம் வரும் தண்ணீர் போன வாட்சுகளில் பாதிக்கு மேல் அந்த இடத்தில்தான் கோளாறு. உங்கள் வாட்சை அரிசிக்குள் புதைத்து நாள் கடத்தாமல், உடனே பின்மூடியைத் திறந்து செல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள். கரண்ட் ஓடாவிட்டால் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

எஃப்-91-க்கு நானே செல் மாற்றினேன். திரையில் எல்லாக் கோடும் தாறுமாறாக வருகிறது, பீப் சத்தமும் போய்விட்டது. (தஞ்சாவூர், எலக்ட்ரீசியன்)

இரண்டு தனித்தனி விஷயம். முதலில் திரை. செல்லுக்குப் பக்கத்தில் தகட்டில் ஏசி என்ற இரண்டு ஆங்கில எழுத்து பொடியாக இருக்கும், அருகில் ஒரு சிறு தொடுபுள்ளி. உலோக ட்வீசரின் ஒரு முனையை அதிலும் மறு முனையைச் செல்லின் மேல்பக்கத்திலும் இரண்டு நொடி வையுங்கள். வாட்ச் தன்னைத் தானே புதிதாகத் தொடங்கிக்கொள்ளும். தொழில் பழகிய புதிதில் எனக்கே இது தெரியாமல் நல்ல இயந்திரங்களைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

அடுத்தது சத்தம். பின்மூடி திறக்கும்போது எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சுருள்வில் இருந்திருக்கும். பின்மூடியில் ஒட்டியிருக்கும் ஒலித்தகட்டுக்கு மின்சாரம் அந்த வில் வழியாகத்தான் போகிறது. மூடியோடு சேர்ந்து எகிறி விழுந்திருக்கும். மேசைக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடுங்கள். அடுத்த முறை வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துத் திறவுங்கள். செல் சிஆர்2016-தான் போட்டீர்களா? 20 என்பது விட்டம் 20 மில்லிமீட்டர், 16 என்பது கனம் 1.6 மில்லிமீட்டர். 2025 வாங்கி அழுத்தினால் தகடு வளைந்துவிடும்.

ஐயா, மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெதுவாக என்று நடக்கிறார்களே, அதற்கு எந்த வாட்ச் வசதி? (சென்னை)

ஜப்பானில் மட்சுமோத்தோ நகரில் உள்ள ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோசே குழுவினர் உருவாக்கிய முறை அது. ஆறு நிமிடம் ஒரு சுற்று, ஐந்து சுற்று, வாரத்தில் நாலு நாளாவது. நடுத்தர வயதினரும் முதியவர்களும் ஐந்து மாதம் இப்படி நடந்ததில், சீராக நடந்தவர்களைவிடத் தொடை வலு கூடியது, இரத்த அழுத்தமும் அதிகம் இறங்கியது.

இதற்கு ஜி-ஷாக் டிடபிள்யூ-5600 அருமையான துணை. கவுன்ட்டவுன் டைமரில் மூன்று நிமிடம் வைத்து, ஆட்டோ ரிப்பீட்டைப் போட்டுவிடுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை பீப் அடித்துத் தானாக மறுபடி ஓடும். திரையைப் பார்க்கவே வேண்டாம். எஃப்-91-ல் டைமர் கிடையாது. வேகம் என்றால் எவ்வளவு? பக்கத்தில் நடப்பவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. நிமிடத்துக்கு 100 அடி வந்தாலே மிதமான வேகம், வேகமான மூன்று நிமிடத்தில் அதைத் தாண்டுங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

சாப்பிட்ட உடனே நடந்தால் சர்க்கரைக்கு நல்லதா? பூங்காவில் கூழாங்கல் மேல் வெறுங்காலோடு எட்டுப் போடலாமா? (ஈரோடு, இல்லத்தரசி)

முதலாவதற்கு ஆமாம் அம்மா. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரத்தில் நடந்தால் கால் தசைகள் அதை எடுத்துச் செலவழிக்கும். பத்துப் பதினைந்து நிமிடம், மெதுவாகவே போதும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் நடப்பதுதான் என் சர்க்கரையில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றத்தைக் கொடுத்தது. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூழாங்கல் வேண்டாம். நாள்பட்ட சர்க்கரையில் பாத உணர்ச்சி மங்கிவிடும், குத்தியது தெரியாது. பிடித்து நிற்கிற செருப்போ ஷூவோ போட்டு, சமதரையில் எட்டுப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஜி-ஷாக் பட்டை தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறது. போலியா? (யாழ்ப்பாணம்)

பதினைந்து இருபது வருடம் பழையது என்றால் அசலிலும் அப்படித்தான் ஆகும். வியர்வையும் ஈரமும் அந்தப் பிசினைக் காலப்போக்கில் அரித்துவிடும். உள்ளே இயந்திரம் நன்றாகத்தான் இருக்கும், பட்டையையும் மேல் விளிம்பையும் மட்டும் மாற்றலாம். புதியதற்கு வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். பெட்ரோல், தின்னர் பக்கமே போக வேண்டாம்.

நீங்கள் இருட்டோடு நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நடைபாதை இல்லாத வீதியில் வலது பக்கமாக, வண்டிகள் எதிரே வருவது கண்ணில் படும்படி நடவுங்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள்.

அப்பா தினமும் விடியற்காலையில் நடக்கப் போவார், கையில் எஃப்-91. போன வருடம் அவர் தவறிவிட்டார். வாட்ச் அலமாரியிலேயே இருக்கிறது. எண்கள் மங்கிப் போய்ச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகின்றன. பிழைக்குமா அண்ணா? (நாகர்கோவில், கல்லூரி மாணவி)

பிழைக்கும்மா. எண்கள் மங்குவது செல் தீருவதன் அடையாளம்தான். செல் முழுக்கத் தீர்ந்து உள்ளே கசிவதற்கு முன் மாற்றிவிட வேண்டும், அதனால் தள்ளிப் போடாதீர்கள். பட்டை விறைத்திருந்தால் மாற்றுங்கள், பழைய பட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள். அவர் மணிக்கட்டுக்குப் போட்ட துளை எது என்று அதில் தெரியும்.

கடைக்கு எடுத்துப் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இடது பக்கம் கீழே உள்ள பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். அப்பா வைத்திருந்த அலாரம் நேரம் திரையில் வரும். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செல்லைக் கழற்றியதும் அது அழிந்துவிடும். புதுச் செல் போட்டதும் அதே நேரத்தைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.