ராணுவம் புதைத்துவிட்டுப் போன குழியை இத்தனை வருடம் கழித்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேள்வி: பழைய ராணுவ முகாம்களில் கழிவுகளையும் வெடிபொருட்களையும் புதைத்த இடங்களை எப்படிக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்கிறார்கள்? சுத்தம் செய்த பிறகு அங்கே குடியிருக்கலாமா?

தோண்டி எடுப்பது இரண்டாம் பட்சம். எங்கே தோண்டுவது என்று தெரிந்துகொள்வதில்தான் பாதி உயிர் போகும்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் ஒரு ஆலோசனை நிறுவனத்துக்காக மண், நிலத்தடி நீர் மாதிரிகள் எடுக்கும் வேலையில் இருந்தேன். பழைய ராணுவ நிலங்கள்தான் எங்களுக்கு அதிகம் வரும். நான் வேலை பார்த்த இடங்களைப் பற்றிப் பொதுவில் எழுத முடியாது, ஒப்பந்தம் அப்படி. அதனால் இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோரும் எப்படியும் படித்தே ஆகவேண்டிய ஒரு இடத்தை வைத்துச் சொல்கிறேன்: வாஷிங்டன் நகரின் வடமேற்கு மூலையில் உள்ள ஸ்பிரிங் வேலி. தூதர்களும் வக்கீல்களும் வசிக்கிற, பெரிய மரங்கள் நிறைந்த பகுதி.

1917-இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது, இந்தப் பகுதியை ஒட்டியிருக்கும் அமெரிக்கன் பல்கலைக்கழகம் தன் வளாகத்தை அரசுக்குத் தந்தது. அப்போது அது ஊரின் ஓரம், சுற்றிலும் காடும் பண்ணை நிலமும். அங்கே விஷவாயு ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேதியியலாளர்கள் தோலைக் கொப்புளிக்கச் செய்யும் மஸ்டர்டு, லூவிசைட் ஆகிய போர் நச்சுகள், விதவிதமான ஆர்சனிக் சேர்மங்கள் என்று தயாரித்துப் பார்த்தார்கள். நாய்களையும் ஆடுகளையும் வயலில் கட்டிவைத்துப் பக்கத்தில் குண்டை வெடித்துப் பார்த்தார்கள். 1918 நவம்பரில் போர் முடிந்தது. மிச்சம் மீதி இருந்ததைக் குழி வெட்டிப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம், யாரும் அதை ஒளிக்கவும் இல்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த இதழே 1921-இல் இதை அச்சிட்டிருக்கிறது: நிலத்தின் பின்கோடியில் ஆழமாகக் குழி வெட்டி, எட்டு லட்சம் டாலர் மதிப்புள்ள சரக்கு புதைக்கப்பட்டது என்று. எந்தக் கோடி என்றுதான் எழுதவில்லை.

அப்புறம் ஊர் வளர்ந்தது. நிலம் கைமாறியது, வீடுகள் வந்தன. 1993 ஜனவரி 5-ஆம் தேதி, குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்த ஒருவரின் இயந்திரத்தில் பழைய பீரங்கிக் குண்டுகள் சிக்கின. அக்கம்பக்கத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த ஒரு பள்ளத்திலிருந்து மட்டும் 141 குண்டுகள் வந்தன. அவற்றில் 43-இல் ரசாயனம் இருக்கலாம் என்று சந்தேகம்.

இதில் எனக்கு எரிச்சலூட்டுவது, அதற்கு ஏழு வருடம் முன்பே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது என்பதுதான். 1986-இல் ஒரு கட்டட வேலைக்கு முன்னால் பல்கலைக்கழகம் ராணுவத்தைக் கேட்டது: இங்கே ஏதாவது புதைத்திருக்கிறீர்களா? ராணுவம் பழைய கோப்புகளையும் வான்வழிப் படங்களையும் பார்த்துவிட்டு, போதிய ஆதாரம் இல்லை, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று முடித்தது. குடியிருப்பவர்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1993-க்குப் பிறகு ராணுவப் பொறியாளர் படை முறையாக ஆய்வு செய்து, 1995-இல் மறுபடியும் அதே முடிவுக்கு வந்தது. அடுத்த வருடமே பல்கலைக்கழகத் தலைவரின் வீட்டுத் தோட்டத்தில் மரம் நடத் தோண்டியவர்கள் உடைந்த கண்ணாடிக் குடுவைகளைக் கிளறினார்கள். கண் எரிந்தது, மூச்சு முட்டியது. நகரச் சுகாதாரத் துறை விடாமல் கேள்வி கேட்டதால் 1998-இல் கோப்பை மறுபடி திறந்தார்கள். பார்த்தால், பழைய படத்திலிருந்த குழி ஒன்றை இன்றைய வரைபடத்தில் நூறடிக்கும் மேல் தள்ளிக் குறித்திருந்தார்கள். சரியான இடம் தென் கொரியத் தூதரின் இல்லத் தோட்டம். அங்கே தோண்டினால் இரண்டு பெரிய குழிகள், நூற்றுக்கணக்கான பொருட்கள், சில குண்டுகளில் மஸ்டர்டு அப்படியே இருந்தது.

ஆதாரம் கிடைக்கவில்லை என்பது வேறு, அங்கே எதுவும் இல்லை என்பது வேறு. அறிக்கையின் முதல் பக்கத்துக்கு வரும்போது முதலாவது எப்படியோ இரண்டாவதாக மாறிவிடுகிறது. இந்தத் துறை அறிக்கைகளைப் படிக்க நேர்ந்தால் முடிவுரையை விட்டுவிடுங்கள். எதை வைத்துத் தேடினார்கள், எங்கெல்லாம் தேடவில்லை என்ற பகுதியை முதலில் பாருங்கள்.

சரி, தேடுவது எப்படி? முதல் கட்டம் முழுக்கக் காகிதம். பழைய நில ஆவணங்கள், வான்வழிப் படங்கள், படைவீரர்களின் கடிதங்கள், குடும்ப ஆல்பங்கள். ஸ்பிரிங் வேலியின் மிகப் பிரபலமான ஆதாரமே மௌரர் என்ற சார்ஜெண்டிடம் இருந்த 1918-ஆம் ஆண்டுப் புகைப்படம்தான். முகமூடி போட்ட ஒருவர் ஒரு குழியின் விளிம்பில் நிற்கிறார், பக்கத்தில் பெரிய ஜாடிகள். ஜாடிகளில் மஸ்டர்டு இருக்கிறது, இங்கே அழிக்கப் போகிறோம், இந்தக் குழிக்கு நரகம் என்று பெயர் என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது. இப்படி ஒரு படம் கிடைத்தால் நிலத்தின் சரிவு, பின்னால் தெரியும் மரங்கள், நிழல் விழும் திசை எல்லாவற்றையும் வைத்து எங்கே நின்று எடுத்தது என்று கணக்குப் போடுவார்கள். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி வீடு கட்டிவிட்ட ஊரில் அது லேசான காரியமில்லை. அன்றைய தரைமட்டம் இன்றைக்குப் பத்தடி கீழே இருக்கலாம், பக்கத்து மனையில் அதே மட்டம் செதுக்கி எடுக்கப்பட்டும் இருக்கலாம்.

அடுத்தது கருவி. இதில்தான் எனக்கு நேரடிப் பழக்கம். காந்தமானி என்பது பூமியின் காந்தப்புலத்தில் இரும்பு உண்டாக்கும் சின்னக் குழப்பத்தை அளக்கும். அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும், சாவி, செல்போன் எதுவும் ஆகாது, விரல் பகுதியில் இரும்பு வைத்த பாதுகாப்பு பூட்ஸும் கூடாது. மீட்டர் இடைவெளியில் கயிறு கட்டி, ஒரே வேகத்தில், வரிசை வரிசையாக நடந்துகொண்டே இருப்போம். அளவீட்டில் எங்கெல்லாம் மேடு தெரிகிறதோ அங்கே பிளாஸ்டிக் தண்டு வைத்த கொடி. கம்பித் தண்டு வைத்தால் அடுத்த முறை கருவி அந்தக் கொடியையே காட்டும். நாள் முடிவில் புல்வெளி பூராவும் கொடியாக நிற்கும், வீட்டுக்காரர் வாசலில் நின்று பயத்தோடு பார்ப்பார். தோண்டினால் பெரும்பாலும் ஆணி, லாடம், முள்வேலித் துண்டு, பழைய தண்ணீர்க் குழாய். இப்போது வந்திருக்கும் புதிய மின்காந்தக் கருவிகள் பொருளின் வடிவத்தையும் கனத்தையும் ஓரளவு ஊகித்து ஆணியையும் குண்டையும் பிரித்துச் சொல்கின்றன. அதனால் வீண் தோண்டல் குறைந்திருக்கிறது.

ஆனால் கண்ணாடியை எந்தக் காந்தமானியும் பார்க்காது. ஸ்பிரிங் வேலியில் புதைத்ததில் கணிசமான பகுதி ஆய்வகக் கண்ணாடிக் குடுவைகள். நிலத்துக்குள் ஊடுருவும் ரேடார் கிளறிய மண்ணைக் காட்டிக்கொடுக்கக் கூடும், களிமண் என்றால் அதுவும் மங்கிவிடும். கடைசியில் மண்வெட்டிதான் சொல்லவேண்டும்.

மண்வெட்டி வேலை எப்படி நடக்கும் என்பதற்கு அங்கேயே க்ளென்புரூக் சாலையில் இருந்த ஒரு வீடு உதாரணம். குழிக்கு மேலேயே கட்டப்பட்டிருந்த அந்த வீட்டை 2012 இறுதியில் இடித்தார்கள். மனைமேல் பெரிய கூடாரம் போட்டு, உள்ளே காற்றழுத்தத்தை வெளியைவிடக் குறைவாக வைத்தார்கள். அப்போதுதான் எங்கே ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர உள்காற்று வெளியே வராது. உறிஞ்சும் காற்று கரி வடிகட்டி வழியாகத்தான் போகும். வேலையாட்கள் முழு உடையும் காற்றுச் சிலிண்டருமாக, கைக்கருவிகளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டினார்கள். மஸ்டர்டு, லூவிசைட் இருக்கிறதா என்று காற்றை ஒரு கருவி சில நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே இருக்கும், மணி அடித்தால் எல்லோரும் வெளியே. இவ்வளவும் செய்தும், 2017 ஆகஸ்டில், ஆபத்து குறைவு என்று வகைப்படுத்தியிருந்த பக்கத்து ஓரத்தில் தோண்டும்போது வேலையாட்களுக்கு உடம்புக்கு முடியாமல் போய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒரே ஒரு மனை, கிட்டத்தட்ட எட்டு வருடம் இழுத்தது.

குண்டு கிடைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க முடியாது. எக்ஸ்ரே எடுத்து உள்ளே திரவம் ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கலிஃபோர்னியம் என்ற கதிரியக்கத் தனிமம் வைத்த ஒரு சிறு கருவியால் நியூட்ரான்களைச் செலுத்தினால், உள்ளிருக்கும் தனிமங்கள் தத்தமக்குரிய காமா கதிர்களை வெளியிடும். குளோரினும் கந்தகமும் சேர்ந்து தெரிந்தால் மஸ்டர்டு, ஆர்சனிக்கும் குளோரினும் என்றால் லூவிசைட் என்று ஊகிக்கலாம். இவ்வளவு சின்னப் பெட்டி இதைச் சொல்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். அதன்பிறகு தடித்த எஃகுக் கலத்துக்குள் குண்டை வைத்துப் பூட்டி, சிறு வெடியால் கூட்டை வெட்டித் திறந்து, உள்ளேயே ரசாயனம் ஊற்றி நச்சை முறிப்பார்கள். கலத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுவர முடியும் என்பதால் குண்டை ஊர் வழியாக எடுத்துப்போகும் தலைவலி இல்லை.

குண்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். தினசரி வாழ்க்கைக்கு அதைவிடத் தொல்லை ஆர்சனிக். அது மட்கிப் போகிற பொருள் அல்ல, தனிமம். போட்ட இடத்தில் கிடக்கும். 2001-இல் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் காப்பக விளையாட்டுத் திடலிலேயே அது கூடுதலாக இருந்தது தெரிந்து காப்பகத்தை இடம் மாற்றினார்கள். அப்புறம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 661 ஏக்கர் பரப்பிலும் வீடு வீடாக மண் பரிசோதனை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அகற்றுவது என்று எல்லை வைத்தார்கள். நூறுக்கும் மேற்பட்ட மனைகளில் மேல்மண்ணை அள்ளிப் புது மண் போட்டார்கள். மண்ணை அள்ளினால் வேர் போய்விடும், நூறு வயது மரத்தை யார் வெட்ட விடுவார்கள்? அப்படிப்பட்ட இடங்களில் ஆர்சனிக்கை வேர் வழியாக உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் ஒருவகைப் பெரணிச் செடியை நட்டுப் பார்த்தார்கள். பருவம் முடிந்ததும் இலைகளை அறுத்து நச்சுக் கழிவாக அனுப்பவேண்டும். மெதுவான வேலை, எல்லா இடத்திலும் எடுபடாது. ஆனால் மரம் பிழைத்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஸ்பிரிங் வேலியில் மக்கள் குடியிருக்கத்தான் செய்கிறார்கள், வீட்டு விலையும் குறையவில்லை. இருபது கோடி டாலருக்கும் மேல் அங்கே செலவாகியிருக்கிறது. எல்லா இடத்துக்கும் அந்தக் கவனிப்பு கிடைக்காது. குடியிருப்பவர்களுக்குப் பணமும் செல்வாக்கும் இருந்ததால்தான் மூடிய கோப்பு மறுபடி திறந்தது என்பது என் அபிப்பிராயம்.

கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரப் பக்கத்தில் ராக்கி மவுண்டன் ஆர்சனல் இருக்கிறது. 1942-இல் விஷவாயுத் தொழிற்சாலையாகத் தொடங்கி, பிறகு ஷெல் நிறுவனம் பூச்சிமருந்தும் தயாரித்த இடம். கழிவைத் திறந்த குட்டைகளில் விட்டதால் நிலத்தடி நீர் கெட்டு, வேலி தாண்டிப் பக்கத்துப் பண்ணைகள் வரை போனது. 210 கோடி டாலர் செலவழித்து 2010-இல் வேலையை முடித்தார்கள். முடித்தார்கள் என்றால், நச்சு அங்கிருந்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. மோசமான மண்ணை அந்த வளாகத்துக்குள்ளேயே அடிப்புறம் உறையிட்ட கிடங்குகளில் அடைத்தார்கள். மற்ற இடங்களை மண்ணால் மூடி, வளை தோண்டும் பிராணிகள் உள்ளே போகாமலிருக்க நடுவில் நொறுக்கிய கான்கிரீட் அடுக்கு ஒன்றைப் போட்டார்கள். மேலே புல், காட்டெருமை, கழுகு என்று இன்று அது வனவிலங்குச் சரணாலயம். வீடு கட்டக்கூடாது, பயிர் செய்யக்கூடாது, கிணற்று நீரைக் குடிக்கக்கூடாது என்ற தடைகள் அப்படியே இருக்கின்றன. நிலத்தடி நீரை எடுத்துச் சுத்திகரித்துத் திரும்ப விடும் நிலையங்கள் இன்றும் ஓடுகின்றன.

இப்படி நச்சை அங்கேயே விட்டுவைக்கிற இடங்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யவேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. அந்த அறிக்கைகள் பொதுவில் கிடைக்கும். அப்படி ஒரு இடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் கடைசியாக வந்த மறுஆய்வையும், மனைக்கு என்னென்ன பயன்பாட்டுத் தடை பதிவாகியிருக்கிறது என்பதையும் வாங்கிப் பாருங்கள். கிணறு வெட்டும் யோசனை இருந்தால் அதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.