கண்ணைக் காட்டப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

நான் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் உங்களை நாற்காலியில் உட்கார வைத்து எழுத்து வாசிக்கச் சொல்கிற ஆள். பாளையங்கோட்டைப் பக்கம் இருபது வருசத்துக்கு மேல் இதே வேலை. முழு கண் பரிசோதனை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

முக்கூடல் அக்கா: பீடி சுத்துறேன். கண்ணாடிக் கடையில மெஷின்ல பாத்துப் பவர் எழுதித் தந்துட்டாங்க. நல்லாத்தான் தெரியுது. பொறவு ஆஸ்பத்திரி எதுக்கு அண்ணாச்சி?

நாற்பது தாண்டினால் எல்லாருக்கும் வெள்ளெழுத்து வரும். பிளஸ் ஒன்று, ஒன்றரை போட்டால் கிட்டத்தில் இருப்பது தெளிவாகிவிடும். கண்ணுக்குள் நீர் அழுத்த நோய், அதாவது கண் பிரஷர் நோய், தொடங்கியவருக்கும் அதே கண்ணாடியில் அதே மாதிரி தெளிவாகத்தான் தெரியும். சிக்கலே அதுதான். அந்த நோய் ஓரப் பார்வையை முதலில் தின்னும், நடுப்பார்வையைக் கடைசி வரை விட்டுவைக்கும். கடை மெஷின் கண்ணின் பவரைத்தான் சொல்லும், கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பைப் பார்க்காது.

இன்னொன்று. பேப்பர் படிக்கிற தூரத்துக்கு எழுதின கண்ணாடி, மடியில் சுளகு வைத்துச் சுற்றுகிற தூரத்துக்கு ஒத்துவராமல் போகலாம். எழுதுகிறவரிடம் கையால் அளந்து காட்டுங்கள். பத்தமடையில் பாய் நெய்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

அம்பாசமுத்திரம்: எவ்வளவு நேரம் ஆகும்? மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துரலாமா?

அரை நாள் ஒதுக்கிவிட்டு வாருங்கள். முதலில் விசாரணை, எழுத்து வாசிப்பு, பவர், கண் பிரஷர். அடுத்து டாக்டர் ஸ்லிட் லேம்ப் என்ற நுண்ணோக்கியில் கருவிழி, லென்ஸ் எல்லாம் பார்ப்பார். பிறகு சொட்டு மருந்து. கண்ணின் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம், அதாவது பாப்பா, விரிய அரை மணி நேரம் பிடிக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில சமயம் அதற்கும் மேல். விரிந்த பிறகுதான் உள்ளே இருக்கிற ரெட்டினாவை, அதாவது விழித்திரையை, நன்றாகப் பார்க்க முடியும். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, சொட்டு வேண்டாம்" என்று எழுந்து போகிறவர்களை வாரத்துக்கு நாலு பேர் பார்க்கிறேன். வந்த வேலையே அதுதான் என்று அவர்களுக்குப் புரிய வைப்பதற்குள் பஸ் போய்விடும்!

களக்காடு தம்பி: சொட்டு விட்டுட்டு பைக்ல திரும்பிறலாமா?

கூடாது. நாலு முதல் ஆறு மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கும். நம்மூர் சித்திரை வெயிலில் அந்தக் கண்ணோடு சாலையில் இறங்குவது வம்பு. துணைக்கு ஓர் ஆள், கறுப்புக் கண்ணாடி, இல்லாவிட்டால் ஒரு குடையாவது வேண்டும். காலையில் சொட்டு விட்டுக்கொண்டு மத்தியானம் பத்திரப் பதிவுக்குப் போன ஒருவர், எங்கே கையெழுத்துப் போடுவது என்று பேரனைக் கேட்டாராம். சிரிக்கத்தான் தோன்றும், ஆனால் அன்றைக்குப் பத்திரம், பரீட்சை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சொட்டு விட்ட கண் கடுமையாக வலித்துச் சிவந்தாலோ வாந்தி வந்தாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம். உடனே திரும்பி வாருங்கள்.

மேலப்பாளையம்: சுகர் இருக்கு. ஒரு வருசத்துல மூணு கண்ணாடி மாத்திட்டேன். எழுதுறவங்களுக்கே தெரியலையா?

கோபம் நியாயம்தான் பாய், ஆனால் பெரும்பாலும் கண்ணாடி மேல் தப்பு இருக்காது. ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் நீர்ச்சத்து மாறும், பவரும் கூடவே மாறும். சர்க்கரை ஏறிக் கிடந்த நாளில் எழுதின பவர், அது இறங்கியதும் பொருந்தாது. சில வாரம் சர்க்கரை ஒரே நிலையில் நிற்கட்டும், பிறகு எழுதிக்கொள்ளுங்கள். கண் காட்ட வரும்போது கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டையும் கொண்டுவாருங்கள்.

கண்ணாடிக்கு நீங்கள் காத்திருக்கலாம், ரெட்டினா காத்திருக்காது. டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த அன்றைக்கே ஒரு தடவை, அதன் பிறகு வருசம் ஒரு தடவையாவது பாப்பாவை விரித்துப் பார்த்தாக வேண்டும். ரத்தக்குழாய் கசிய ஆரம்பிக்கும்போது வலி இருக்காது, மங்கலும் இருக்காது. மங்கிய பிறகு வருகிறவர்களுக்கு லேசரோ ஊசியோ போட்டு மிச்சத்தைக் காப்பாற்றுகிறோம், போனதை முழுசாக மீட்டுக் கொடுக்க முடிவதில்லை. சர்க்கரை மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிற எத்தனையோ பேர் இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போடுகிறார்கள்.

நாங்குநேரி: ஆச்சிக்கு எழுத்தே தெரியாது. எப்படிப் பாப்பீங்க?

E மாதிரி எழுத்தின் மூன்று கோடு எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று ஆச்சி கையைக் காட்டினால் போதும், அதற்கென்றே அட்டை இருக்கிறது.

வள்ளியூர்: அட்டையில 6/12-ன்னு எழுதிருக்கு. பாதிக் கண்ணு போயிருச்சா?

இல்லை. 1862-இல் ஸ்நெல்லன் என்ற டச்சு டாக்டர் கொண்டுவந்த கணக்கு அது. நல்ல கண் 12 மீட்டரில் வாசிக்கிற எழுத்தை நீங்கள் 6 மீட்டரில் வாசிக்கிறீர்கள் என்று அர்த்தம். கண்ணாடி போட்டால் 6/6 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சேரன்மகாதேவி மைனி: பையனுக்கு நாலு வயசு. ஒழுங்கா பதில் சொல்ல மாட்டான்.

சொல்லவே வேண்டாம். ரெட்டினோஸ்கோப் வெளிச்சத்தைக் கண்ணில் அடித்து, அது திரும்பி வருவதை வைத்தே பவர் கண்டுபிடிப்போம். அதற்கு முன்னால் கண்ணைத் தளர்த்துகிற மருந்து விடுவோம். அட்ரோபின் போட்டால் பாப்பா ஒரு வாரத்துக்கு மேலும் விரிந்தே இருக்கலாம், பயப்படாதீர்கள். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் பிள்ளைக்கு அது தெரியாது, நல்ல கண்ணால் ஓட்டிக்கொண்டு திரிவான். அந்தச் சோம்பல் கண்ணை ஏழெட்டு வயசுக்குள் பிடித்தால்தான் நன்றாகச் சரியாகும்.

பேட்டை: அப்பாவுக்குக் கண் பிரஷர் நோய். எனக்குக் காத்தடிச்சுப் பாத்ததுல 18. தப்பிச்சேன்தானே?

பொதுவாக 10 முதல் 21 வரை சரி என்பார்கள். ஆனால் அந்த அளவுக்குள் இருந்துகொண்டே நரம்பு தேய்கிறவர்களும் உண்டு. அப்பாவுக்கு இருப்பதை வாய் திறந்து சொல்லுங்கள், நரம்பையும் ஓரப் பார்வையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் அண்ணன் தம்பியையும் கூட்டி வாருங்கள்.

ராதாபுரம் பெரியவர்: மூட்டுவலி மாத்திரையெல்லாம் கண்ணு டாக்டர்ட்ட எதுக்குச் சொல்லணும்?

மூட்டுக்குக் கொடுக்கிற ஹைட்ராக்சிகுளோரோகுவின் வருசக்கணக்கில் போனால் ரெட்டினாவைப் பாதிக்கலாம். ஸ்டீராய்டு, பிரஷரையும் ஏற்றும், புரையையும் வரவழைக்கும். ஒண்ணுக்குப் போவதற்காகப் போடுகிற டாம்சுலோசின் இருக்கிறதே, புரை ஆபரேசனின்போது அது பாப்பாவைச் சுருங்க வைத்துப் பாடாய்ப் படுத்தும். பெரியவர்கள் வெட்கப்பட்டு மறைப்பது அதைத்தான். வாயால் சொல்ல வேண்டாம், மாத்திரைப் பையை அப்படியே மேஜையில் வைத்துவிடுங்கள்.

தச்சநல்லூர்: எங்க போய்ப் பாக்க?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1988-இலிருந்து இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகளும் உண்டு. எங்கே போனாலும் "பாப்பாவை விரித்து ரெட்டினா பார்ப்பீர்களா?" என்று முதலிலேயே கேளுங்கள்.

கல்லிடைக்குறிச்சி தங்கச்சி: "இதுல நல்லா தெரியுதா, அதுலயா"ன்னு லென்ஸ மாத்தி மாத்திக் கேக்கும்போது பயமா இருக்கு அண்ணே. தப்பா சொல்லிட்டா?

இதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான், ஆனால் நாற்காலியில் உட்காருகிற பாதிப் பேருக்கு இதே பயம். இது பரீட்சை இல்லை தங்கச்சி. நீங்கள் சொன்ன ஒரு பதிலை வைத்து நாங்கள் பவர் எழுதுவதில்லை, சுற்றி வந்து அதையே வேறு மாதிரி மறுபடியும் கேட்போம். "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்றால் தாராளமாக அப்படியே சொல்லுங்கள். கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிலிண்டர் பவர் பார்க்கும்போது நாங்கள் தேடுவதே அந்தப் பதிலைத்தான். கண்ணை மட்டும் சுருக்கிப் பார்க்காதீர்கள்.