கேப்டன் பதில்கள்: புது ஹோட்டல், புது தோசைக்கல்

(நட்சத்திர ஹோட்டல் உணவகங்களில் பரிமாறும் ஸ்டீவர்டாகச் சேர்ந்து, பரிமாறுபவர்களை மேற்பார்க்கும் கேப்டனாக ஓய்வு பெற்றவர் இந்தப் பகுதியை எழுதுகிறார்.)

கே: சென்னையில் புதிதாகத் திறந்த பெரிய ஹோட்டல் ஒன்றில் சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சென்ற இதழில் ஒரு வரி எழுதிவிட்டு நழுவிவிட்டீர்களே! எப்படி இருந்தது? எந்த ஹோட்டல்?
– வாசகர், தாம்பரம்

ப: எந்த ஹோட்டல் என்பதை மட்டும் கேட்காதீர்கள். திறந்து ஒரு மாதம்கூட ஆகாத இடத்தைப் பெயர் போட்டுத் திட்டுவதும் சரியில்லை, புகழ்வதும் சரியில்லை. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் உணவக விமர்சனத்துக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்த கிரேக் கிளேபோர்ன், தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் ஒரே இடத்துக்குப் பல முறை போய், பத்திரிகைக் காசில் பில் கட்டிவிட்டுத்தான் எழுதுவார். நான் போனது ஒரு தடவை. அதுவும் மகள் காசில்.

முதல் தடவை போகும்போது இரண்டு விஷயங்களை நம்பி எடை போடலாம்: அறை, ஆட்கள். சாப்பாட்டை எடை போடக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

அறையில் பெயின்ட் வாசனையும் கார்ப்பெட் பசை வாசனையும் இன்னும் போகவில்லை. அது போய்விடும். ஆனால் சமையலறைக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் மூக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாளிப்பு வாசனை துளிகூட வெளியே வரவில்லை. எக்ஸாஸ்ட்டை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சமையலறையிலிருந்து காற்றை இழுத்துக்கொண்டே இருந்தால், கதவு திறக்கும்போது காற்று உள்ளேதான் போகும், வெளியே வராது. இதில் கோட்டை விட்டுவிட்டுப் பளிங்கில் பணத்தைக் கொட்டிய இடங்களில் வேலை பார்த்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போகிறவரின் பட்டுப்புடவை முழுக்க மீன் வறுவல் மணக்கும்.

தப்பு எங்கே என்றால், எங்கள் மேஜைக்கு நேர் மேலே ஏ.சி. காற்று இறங்கியது. மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வந்த வஞ்சிரக் குழம்பு, இரண்டாவது கரண்டி எடுப்பதற்குள் ஆறிப்போனது. கேப்டனாக இருந்த பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஒரு நிமிஷம் சார்" என்று சுவரோரம் வேறு மேஜையைப் போட்டு, எங்கள் தண்ணீர் டம்ளர்களைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள். மானேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்ற பேச்சே இல்லை. அந்தப் பெண்ணுக்கு அந்த அதிகாரத்தை யாரோ கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ இருக்கும் வரை அந்த உணவகம் நன்றாக நடக்கும்.

இனி சாப்பாடு. தோசை வெளுத்துப்போய், ஓரம் பிய்ந்து வந்தது. மகளுக்குக் கோபம். எனக்கு வரவில்லை. வீட்டில் புதுக் கல் வாங்கினால் என்ன செய்கிறோம்? எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்து, முதல் சில தோசைகளைக் காக்காய்க்குப் போட்டுத்தானே பழக்குகிறோம்? ஹோட்டல் கல்லும் அப்படித்தான். தந்தூர் இன்னும் மோசம். புது மண் தந்தூரை முதலில் சிறு தணலில் நிதானமாகச் சூடேற்றிப் பழக்க வேண்டும். திறப்பு விழாத் தேதிக்குப் பயந்து அவசரப்பட்டால் உள்சுவர் விரிசல் விடும். ரொட்டி சுவரில் ஒட்டாமல் தணலில் விழும். போதாததற்கு மாவு அரைப்பவர் ஓர் ஊர், தோசை ஊற்றுபவர் ஓர் ஊர், ஒருவர் கை இன்னொருவருக்குப் பழகியிருக்காது. மீன் கொண்டுவருபவர்கூட இன்னும் நிலையாக அமைந்திருக்க மாட்டார்.

ஆர்டர் போகும் வரிசையும் அதே கதைதான். கே.ஓ.டி. எனும் ஆர்டர் சீட்டு சமையலறைக்குப் போகிறது, குளிர் பண்டம் ஒரு மூலையிலிருந்தும் அடுப்புப் பண்டம் இன்னொரு மூலையிலிருந்தும் வருகிறது. இவற்றைச் சேர்த்து அனுப்பும் ஆள், எந்தப் பண்டம் எத்தனை நிமிடம் எடுக்கும் என்பதை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். அது சட்டென்று வராது. எங்களுக்கு ரசம் வந்தபோது நாங்கள் தயிர்சாதத்தில் இருந்தோம். அந்த ரசத்தைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில், மேலே ஒரு கொத்துமல்லி இலையை நட்டு வைத்துக் கொடுத்தார்கள். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கல் பழகிவிடும், இந்தப் புத்தி பழகாது.

சாதம் பிரமாதம். பாஸ்மதியைத் தலையில் கட்டாமல் பொன்னி அரிசியை, தொட்டால் உடையாமல், பிசைந்தால் குழையும்படி வடித்திருந்தார்கள். காபி பித்தளை டபராவில் கம்பீரமாக வந்தது, சூடு இல்லாமல். டம்ளரை வெந்நீரில் போட்டு எடுக்கச் சொல்லி அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஓய்வு பெற்றாலும் வாய் ஓய்வு பெறவில்லை என்று மகள் சொன்னாள்.

கே: அறை எடுக்கவில்லை, சாப்பிட மட்டும்தான் போனோம். பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. தெருமுனை ஏ.சி. ஹோட்டலில் 5 சதவீதம்தானே?
– வாசகி, மதுரை

ப: இரண்டுமே சரிதான். வெளியே தனியாக இருக்கும் உணவகத்துக்கு 5. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலின் வளாகத்துக்குள் இருந்தால் 18. நீங்கள் அறை எடுத்தீர்களா என்பது கணக்கில் வராது, கட்டடம்தான் கணக்கு. 2025 ஏப்ரல் முதல், அட்டையில் போட்டிருக்கும் வாடகையை விட்டுவிட்டு, முந்தைய நிதியாண்டில் உண்மையிலேயே வாங்கிய வாடகையைப் பார்க்கிறார்கள். புது ஹோட்டலுக்கு முந்தைய ஆண்டு ஏது? அவர்கள் தாமாகவே அறிவித்துக்கொண்டு முதல் நாளிலிருந்தே 18 வாங்கலாம். தாங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை இதில் கழித்துக்கொள்ள முடியும் என்பதால் அவர்களுக்கு அது வசதி. எங்கள் பில்லில் சாப்பாடு 4,200. மத்திய வரி 378, மாநில வரி 378. ஆக மொத்தம் 4,956. மெனு அட்டையில் விலையைப் பார்க்கும்போதே ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டு பாருங்கள், நெஞ்சு வலிக்காது.

கே: சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். தண்ணீர் பாட்டிலுக்கும் எம்.ஆர்.பி.யைவிட மூன்று மடங்கு. கேட்க முடியுமா?
– வாசகர், சேலம்

ப: முதலாவதைக் கேட்கலாம். பில்லில் தானாகச் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அமைதியாக "இதை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அப்புறம் பரிமாறிய பையன் நன்றாகக் கவனித்திருந்தால் அவன் கையில் நேராகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

தண்ணீரில் ஒன்றும் செய்ய முடியாது. ஹோட்டலும் உணவகமும் பாட்டில் தண்ணீரை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. அவர்கள் பாட்டிலை மட்டும் விற்கவில்லை, இடத்தையும் சேவையையும் சேர்த்து விற்கிறார்கள் என்பது வாதம். உட்கார்ந்தவுடன் "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" என்று கேட்பார்கள். முதலாவது சாதா பாட்டில் தண்ணீர், அடுத்தது நுரைக்கிற பாட்டில் தண்ணீர். மூன்றாவதாக ஒன்று உண்டு: "ரெகுலர் வாட்டர்", பாட்டிலில் வராத தண்ணீர். அதைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

கே: சம்பந்தி வீட்டாரோடு போகிறோம். கையால் சாப்பிட்டால் கேவலமாக நினைப்பார்களா?
– வாசகி, கும்பகோணம்

ப: கையால் சாப்பிடுங்கள்.

கே: எங்கள் ஊரில் போன மாதம் திறந்த ஹோட்டலுக்கு "ஐந்து நட்சத்திரம்" என்று பேனர். அதற்குள் எப்படிக் கிடைத்தது?
– வாசகர், திருநெல்வேலி

ப: பேனர் அடிப்பவர் கொடுத்திருப்பார். நட்சத்திரம் வழங்குவது மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் குழு. நேரில் வந்து பார்த்துத்தான் தருவார்கள், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். விண்ணப்பிப்பது கட்டாயமும் இல்லை; வாங்காமலேயே நன்றாக நடக்கும் ஹோட்டல்கள் உண்டு. வரவேற்பில் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள்.

கே: ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் தங்குகிறவர்களுக்குத்தானே? ஊர்க்காரர்கள் ஏன் போக வேண்டும்?
– வாசகர், புதுச்சேரி

ப: தங்குகிறவர்களை மட்டும் நம்பினால் பெரிய சமையலறைக்குக் கட்டுப்படியாகாது. இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் சீசர் ரிட்ஸ். 1889-இல் திறந்த லண்டன் சவாய் ஹோட்டலுக்கு மானேஜராக வந்து, எஸ்கோஃபியே என்ற சமையல் மேதையையும் அழைத்துக்கொண்டு, லண்டன் சீமான்களைக் குடும்பத்தோடு வெளியே வந்து சாப்பிட வைத்தார். விளக்குத் துணி எந்த நிறத்தில் இருந்தால் பெண்களின் முகம் எடுப்பாகத் தெரியும் என்று மனைவியை உட்காரவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்பார்கள். நான் போன புது இடத்தில் பக்கத்து மேஜைக்காரர் போன் டார்ச் அடித்து மெனு படித்தார், ரிட்ஸ் அழுதிருப்பார்.

நம் ஊர்க் கதை வேறு. நட்சத்திர ஹோட்டல் என்றால் வடக்கத்திய, சீன, கான்டினென்டல் சாப்பாடு. இட்லி தோசைக்குக் காபி ஷாப் போதும் என்ற காலம் இருந்தது. 1989-இல் சென்னையில் அன்றைய பார்க் ஷெரட்டனில் 'தக்ஷின்' என்ற உணவகத்தைத் திறந்து, நான்கு தென் மாநிலச் சமையலையும் வெள்ளித் தட்டில் வைத்தார்கள். கார் வைத்திருந்த மயிலாப்பூர்க்காரர்கள் "வீட்டில் கிடைப்பதற்கு இவ்வளவு விலையா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வரிசையாக வந்தார்கள். அடையாறு கேட் என்று ஊர் கூப்பிட்ட அந்த ஹோட்டல் 2023 கடைசியில் மூடப்பட்டது. இன்று புதிதாகத் திறக்கிறவர்களின் மெனுவைப் பிரித்தால் பாதிப் பக்கம் அங்கிருந்து நடந்து வந்தது போலத்தான் தெரிகிறது.

கே: புது இடத்துக்கு எப்போது போனால் நல்லது? குறை இருந்தால் யாரிடம் சொல்வது?
– வாசகி, ஈரோடு

ப: மூன்று மாதம் பொறுக்க முடிந்தால் பொறுங்கள். முடியாது என்றால் செவ்வாய் அல்லது புதன் மதியம். சனி இரவு வேண்டவே வேண்டாம். புது ஆட்கள், நிறைந்த மேஜைகள், சமையலறையில் ஒரே கூச்சல். பஃபே தவிர்த்து, மெனுவிலிருந்து நாலே பண்டம் சொல்லுங்கள், அதில் ஒன்று வெறும் சாதமாக இருக்கட்டும். குறையைச் சாப்பிடும்போதே கேப்டனிடம் சொல்லுங்கள். தட்டைக் காலி செய்துவிட்டு, பில் வந்த பிறகு மானேஜரைக் கூப்பிட்டால் அவர் சிரித்துக்கொண்டே ஒரு ஐஸ்கிரீம் கொடுத்து அனுப்பிவிடுவார்.