உலக சமயங்களைச் செய்தி வழியாக நடத்தலாமா? நடத்தலாம், செய்தியைப் பார்த்து எடுங்கள்

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு உலக சமயங்கள் பாடம் எடுக்கிறேன். நிறுவனர், புனித நூல், வழிபாட்டிடம், பண்டிகை என்று புத்தகம் அட்டவணை போட்டுக் கொடுக்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். நடப்புச் செய்திகளையும் அன்றாட விஷயங்களையும் வைத்து நடத்தலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் மதம் என்றாலே செய்தியில் வருவது சண்டைதான். பல மதத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள், பெற்றோர் என்ன சொல்வார்களோ என்றும் பயம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தாராளமாக நடத்தலாம். ஆனால் மதத்தின் பெயர் அடிபடும் செய்தி வேறு, மதம் தெரியாவிட்டால் புரியவே புரியாத செய்தி வேறு, உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. இரு பிரிவினர் மோதல் என்று வரும் செய்தியைத் தோண்டினால் பெரும்பாலும் நிலத் தகராறோ தேர்தல் கணக்கோ பழைய பகையோ கிடக்கும், அதைப் பாடமாக்கினால் பிள்ளைகளுக்கு அந்த மதத்தைப் பற்றி எதுவும் தெரிய வராது, பயம்தான் மிஞ்சும். மாறாக, 2025 மே மாதம் போப் தேர்தலின்போது வத்திக்கானில் ஒரு புகைபோக்கியிலிருந்து வெள்ளைப் புகை வந்ததும் சதுக்கமே ஆர்ப்பரித்ததே, அந்தக் காட்சியைக் காட்டிவிட்டுச் சும்மா இருங்கள். யார் உள்ளே? ஏன் பூட்டிக்கொண்டார்கள்? கர்தினால்கள் எனப்படும் கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் தலைவர்கள் 133 பேரில் 89 பேர் ஒப்புக்கொண்டால்தான் போப் என்று ஏன் விதி? கடவுள் வழிகாட்டுகிறார் என்றால் ஓட்டு எதற்கு? கேள்விகளைப் பிள்ளைகளே கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், கத்தோலிக்கர்கள் அதை எப்படி விளக்குகிறார்கள் என்று சொன்னால் போதும்.

ஆனாலும் நானாக இருந்தால் முதல் பாடத்தைக் காலண்டரில்தான் ஆரம்பிப்பேன். அதில் சண்டை கிடையாது, எல்லா மதமும் உள்ளே வரும், ஒவ்வொரு வருடமும் புதுச் செய்தியாகவும் வரும்.

பலகையில் தேதிகளை மட்டும் எழுதுங்கள். ரமலான் நோன்பு தொடங்கியது 2024இல் மார்ச் 11 அல்லது 12, 2025இல் மார்ச் 1 அல்லது 2, 2026இல் பிப்ரவரி 18 அல்லது 19. மேற்கத்திய திருச்சபைகளின் ஈஸ்டர் அதே வருடங்களில் மார்ச் 31, ஏப்ரல் 20, ஏப்ரல் 5. யூதர்களின் பாஸ்கா தொடங்கிய மாலை ஏப்ரல் 22, ஏப்ரல் 12, ஏப்ரல் 1. கிறிஸ்துமஸ் மூன்று வருடமும் டிசம்பர் 25. அப்புறம் ஒன்றும் சொல்லாமல், என்ன தெரிகிறது என்று கேளுங்கள். ஒன்று வருடா வருடம் முன்னதாகவே வருகிறது, இரண்டு முன்னும் பின்னும் ஆடுகின்றன, ஒன்று அசையவே இல்லை என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி விளக்கலாம். இஸ்லாமிய ஆண்டு முழுக்க நிலவை ஒட்டியது, 354 அல்லது 355 நாள். மாதத்தை ஒத்திப்போட்டுச் சரிக்கட்டுவதைக் குர்ஆனே கண்டிக்கிறது, அதனால் நோன்பு வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 வருடத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். 2030இல் ஜனவரியில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை என இரண்டு ரமலான் தொடங்கும், இதைப் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லலாம். யூத நாட்காட்டியும் நிலவைத்தான் பார்க்கிறது, ஆனால் பாஸ்கா வசந்தத்தில் வர வேண்டும் என்பது அவர்களுடைய வேதநூலான தோராவின் கட்டளை, ஆகவே 19 வருடத்துக்கு ஏழு முறை கூடுதலாக ஒரு மாதம் சேர்க்கிறார்கள். 2024இல் பாஸ்கா அவ்வளவு தாமதமாக வந்தது அதனால்தான். இயேசுவின் மரணம் பாஸ்கா சமயத்தில் நடந்ததாக நற்செய்திகள் சொல்வதால் ஈஸ்டரும் அந்தப் பருவத்தைச் சுற்றியே வருகிறது. அதன் தேதியை எல்லோரும் ஒன்றாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று 325இல் ஆயர்கள் கூடிய நைசியா சங்கம் முடிவெடுத்தது, ஆனால் 2024இல் கிழக்கத்திய மரபைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் மே 5 அன்றுதான் கொண்டாடினார்கள். அடுத்த வருடமே இரண்டும் ஏப்ரல் 20இல் ஒன்று சேர்ந்தன.

பலகையில் இருக்கும் அந்த 'அல்லது'வை மட்டும் அழித்துவிடாதீர்கள். துருக்கி வானியல் கணக்கை வைத்து முன்கூட்டியே தேதியை அறிவிக்கிறது, வேறு பல நாடுகளில் பிறை கண்ணுக்குத் தெரிந்தால்தான் நோன்பு. டெலஸ்கோப் காலத்தில் இது எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்கும். நல்லது, முஸ்லிம்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் அதுவே. இது ஒரே மதத்தின் தலைவலி என்று தோன்றிவிடக் கூடாது, ஆகவே 2024 தீபாவளி அக்டோபர் 31ஆ நவம்பர் 1ஆ என்று எழுந்த குழப்பத்தையும், சீக்கியர்கள் 2003இல் நானக்‌ஷாஹி நாட்காட்டியை ஏற்றுப் பல நாட்களை நிலைப்படுத்திய பிறகும் குரு நானக் பிறந்தநாளைப் பௌர்ணமியிலேயே விட்டுவைத்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பள்ளிகளில் சமயம் பற்றிக் கற்பிக்க அமெரிக்க சமய ஆய்வுக் கழகம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டி மூன்று விஷயங்களை வலியுறுத்துகிறது: ஒரே மதத்துக்குள் பல தரப்புகள் உண்டு, மதங்கள் காலத்தோடு மாறுகின்றன, அவை பண்பாட்டோடு பின்னிக் கிடக்கின்றன. உங்கள் புத்தகத்தின் அட்டவணையில் இந்த மூன்றுமே இல்லை, தேதிப் பட்டியலில் மூன்றும் இருக்கின்றன.

அன்றாட விஷயங்களுக்குப் பஞ்சமே இல்லை. உணவுப் பொட்டலங்களில் ஹலால் (இஸ்லாமிய உணவு விதி), கோஷர் (யூத உணவு விதி) முத்திரைகளைத் தேடச் சொல்லுங்கள், ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது என்பதில் பேச்சு சூடுபிடிக்கும். வார விடுமுறை இன்னொன்று: ஞாயிறு ஓய்வுக்கு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆணையிட்டது 321இல், ஐக்கிய அரபு அமீரகம் சனி, ஞாயிறுக்கு மாறி வெள்ளி மதியத்தைத் தொழுகைக்கு ஒதுக்கியது 2022இல். விளையாட்டில் ஆர்வமுள்ள வகுப்பு என்றால், 2021 ஏப்ரலில் லெஸ்டர் - கிரிஸ்டல் பேலஸ் கால்பந்துப் போட்டி சூரியன் மறைந்ததும் சற்று நின்று லெஸ்டர் வீரர் வெஸ்லி ஃபொஃபானா ரமலான் நோன்பு திறந்ததையும், 1965இல் பேஸ்பால் வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டம் யூதர்களின் புனித நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று வந்ததால் யூத வீரர் சாண்டி கோஃபாக்ஸ் பந்து வீச மறுத்ததையும் பக்கத்தில் வையுங்கள். யாருக்குப் பக்தி அதிகம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பட்டிமன்றமாகிவிடும். அவரவர் மரபில் எந்த விதி இருக்கிறது, விலக்கு உண்டா என்று கேளுங்கள்.

இரண்டு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். வகுப்பில் இருக்கும் ஒரே பௌத்த மாணவியைப் பார்த்து, உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்கக் கூடாது. அவளாகச் சொன்னால் சரி, அதையும் 'அவள் வீட்டில் இப்படி' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, தொழுகையையோ கிறிஸ்தவர்களின் திருவிருந்துச் சடங்கையோ வகுப்பில் நடித்துக் காட்டக் கூடாது. பார்க்கலாம், படிக்கலாம், செய்து பார்ப்பது வழிபாட்டின் எல்லைக்குள் போய்விடும். பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்திலும் இந்த எல்லையைத்தான் எழுத வேண்டும்: 'எந்த மதத்தையும் பின்பற்றச் சொல்லித் தரவில்லை, எது சரி என்று தீர்ப்பும் சொல்லவில்லை, மதங்களைப் பற்றித் தெரிந்துகொள்கிறோம்.' முதல் வகுப்புக்கு முன்பே, பயன்படுத்தப்போகும் செய்திகளின் பட்டியலோடு அனுப்பிவிடுங்கள். பட்டியலைப் பார்த்த பிறகு பெரும்பாலான சந்தேகங்கள் தாமாகவே அடங்கிவிடும்.

வன்முறைச் செய்தி வெடித்த அன்று பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பேச விடுங்கள். பயந்திருக்கும் பிள்ளையிடம் அன்றைக்கு இறையியல் பேசி ஆகப்போவது எதுவும் இல்லை. உரசல் உள்ள செய்தி வேண்டுமென்றால் துருக்கியின் இஸ்தான்புல்லில் இருக்கும் ஹாகியா சோபியா என்ற கட்டடம் போதும்: 537இல் தேவாலயம், 1453இல் மசூதி, 1935இல் அருங்காட்சியகம், 2020இல் மறுபடி மசூதி. அந்த முடிவை வரவேற்றவர் ஒருவர், வருந்தியவர் ஒருவர், இருவர் பேச்சையும் படிக்கக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் அந்தக் கட்டடம் என்னவாக இருக்கிறது என்று எழுதச் சொல்லலாம். ஆனால் இது வருடக் கடைசிக்குத்தான், வகுப்பு ஒன்றோடொன்று பழகிய பிறகு.

மதிப்பெண்ணுக்கு, ஆளுக்கொரு செய்தியைக் கொண்டுவந்து, 'இது புரிய வேண்டுமென்றால் என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்' என்று ஒரு பக்கம் எழுதட்டும். 'சில கிறிஸ்தவர்கள்', 'பல இந்துக்கள்' என்று எழுதுகிறார்களா, அல்லது மொத்தமாக 'அவர்கள்' என்று எழுதுகிறார்களா என்று பார்த்து மார்க் போடுங்கள்.