கஷ்டத்தில் கடவுளை இன்னும் நெருக்கமாக அறியலாம் என்கிறார்களே, எப்படி?

நன்றாக இருந்த காலத்தில் தெரியாத தேவன் கஷ்டம் வந்ததும் எப்படித் தெரிவார் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு இதில் கைகொடுப்பது பைபிளில் வருகிற யோபுதான்.

யோபு முன்பே பக்தியுள்ளவர். பிள்ளைகளுக்காக அதிகாலையில் எழுந்து பலி செலுத்தியவர். பத்துப் பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்தார். அப்புறம் உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தார். பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூடவே இருந்தார்கள். (அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்பேன்.) பிறகு வாய் திறந்தவர்கள் கடவுளைப் பற்றி அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள், ஒருவர்கூடக் கடவுளிடம் பேசவில்லை. யோபுவோ அழுதார், வாதாடினார், கோபப்பட்டார். எல்லாவற்றையும் கடவுளிடமே கொட்டினார்.

யோபு புத்தகத்தின் 38ஆம் அதிகாரத்தில் பெருங்காற்றிலிருந்து தேவன் பேசுகிறார். ஏன் இந்தத் துன்பம் என்று மட்டும் கடைசிவரை சொல்லவே இல்லை. ஆனாலும் யோபு, "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்கிறார் (42:5). காரணம் கேட்டவருக்குக் கடவுளே கிடைத்தார்.

சரி, கஷ்டப்படுகிற எல்லாருக்கும் இப்படி நடக்கிறதா? இல்லை. கசந்து விலகிப்போனவர்களும் உண்டு, அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. யோபுவைப் போல, புலம்பலையும் கடவுளை நோக்கியே புலம்புங்கள். அதற்கும் வார்த்தை வராத நாளில் பைபிளின் 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். இருளிலேயே முடிகிற ஜெபம் அது. அதுவும் வேதத்தில் இருக்கிறது.